இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பெண்ணுக்குப் பிரசவம் எப்படி நடக்கிறது?

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்ததும், வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே பலருக்கு வாயில் வந்துவிடும் கேள்வி, "இவங்களால எப்படி முடியும்?" என்பதுதான். கால் அசையவில்லை, வயிற்றுத் தசைக்கு வலுவில்லை, வலி தெரியாது, பிறகு குழந்தை எப்படி வெளியே வரும் என்று நிஜமாகவே குழம்புகிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இதற்கான பதில் பலருக்கும் போய்ச் சேராததால், குழந்தை ஆசையோடு மருத்துவரிடம் போகும் பெண்கள்கூடச் சில சமயம் "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்ற ஒரே வரியோடு திரும்பி வருகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. அதனால் இதை அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் பேசப்போவது தண்டுவடக் காயத்தைப் பற்றி. விபத்து, உயரத்திலிருந்து விழுதல், தண்டுவடக் கட்டி, கிருமித்தொற்று என்று எதனாலோ முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு அடிபட்டு, அதற்குக் கீழே உள்ள உடல் செயலிழந்த நிலை அது. போலியோ, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சேதமாகும் நோய்) போன்ற மற்றக் காரணங்களால் வரும் முடக்கத்தைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூளைக்கும் உடலுக்கும் நடுவே

தண்டுவடத்தின் வழியாக இரண்டு திசையிலும் செய்தி போகிறது. "காலைத் தூக்கு" என்ற உத்தரவு மேலிருந்து கீழே வரும். "கால் சுடுகிறது" என்ற தகவல் கீழிருந்து மேலே போகும். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்துப் பகுதியில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்கும் கீழே திரிக எலும்புப் பகுதியில் 5, கடைசியில் வால் எலும்பில் 1. மருத்துவர்கள் இவற்றில் முதல் நான்கு பகுதிகளை முறையே சி, டி, எல், எஸ் என்ற எழுத்துகளோடு எண் சேர்த்துச் சொல்வார்கள். காயம் டி10 என்றால் மார்புப் பகுதியின் பத்தாவது நரம்பு மட்டத்தில், ஏறக்குறைய தொப்புள் உயரத்தில் உணர்வு நின்றுபோகிறது என்று அர்த்தம். காயம் மேலே போகப்போகப் பாதிப்பு அதிகம். கழுத்தில் பட்டால் கைகளும் போகும். மார்பிலோ அதற்குக் கீழேயோ பட்டால் கைகள் தப்பிக்கும்.

இந்த மட்ட எண்ணை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கருமுட்டை முதிர்வது, மாதவிடாய் வருவது, கரு தங்கி வளர்வது ஆகியவை தண்டுவடத்தின் வழியாக நடக்கும் வேலைகளே கிடையாது. மூளையடியில் உள்ள சுரப்பியும் சூலகமும் ஹார்மோன்களை அனுப்பிப் பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சு ரத்தத்தில் போகிறது. தண்டுவடம் அறுபட்டாலும் ரத்த ஓட்டம் அறுபடுவதில்லையே. காயம் பட்ட அதிர்ச்சியில் சில மாதங்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது சகஜம். அப்புறம் பழையபடி வந்துவிடும். அதன் பிறகு கருத்தரிக்கும் திறன் முன்பிருந்த அளவிலேயே இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நின்றுபோன மாதவிடாய் திரும்பி வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். "இன்னும் தீட்டே வரலையே" என்று நம்பி இருந்தவர்கள் எதிர்பாராமல் கர்ப்பமானதுண்டு. குழந்தை இப்போது வேண்டாம் என்றால் கருத்தடை அவசியம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தக்கட்டி உண்டாகும் அபாயத்தைக் கூட்டும். நடமாட்டம் இல்லாத கால்களில் அந்த அபாயம் ஏற்கெனவே அதிகம் என்பதால், எந்த முறை என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

குழந்தை வேண்டுமா வேண்டாமா, எப்போது, எத்தனை என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: குடும்பம் அமைத்துக்கொள்ளவும், குழந்தைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் முடிவு செய்யவும், தங்கள் கருவளத்தைத் தக்கவைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விபத்தில் வந்த முடக்கம் குழந்தைக்குப் போகாது. தாய்க்குக் கால் நடக்கவில்லை என்பதற்காகக் குழந்தைக்கும் அப்படி ஆகிவிடாது.

கரு தங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

திட்டமிட்டுக் கருத்தரிப்பது எல்லோருக்கும் நல்லது, இவர்களுக்கு இன்னும் நல்லது. முக்கியக் காரணம் மருந்துகள். தசை இறுக்கத்துக்கு, சிறுநீர்ப்பைக்கு, நரம்பு வலிக்கு, வலிப்புக்கு என்று பலர் தினமும் நாலைந்து மாத்திரை எடுப்பார்கள். அவற்றில் எது கருவுக்கு ஆகாது, எதை மாற்றலாம், எதன் அளவைக் குறைக்கலாம் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் சிலருக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் கருவுக்குக் கெடுதல் செய்யும் என்று நன்றாகத் தெரிந்த மருந்து. அதே சமயம், பயந்துபோய் எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் பல மடங்காகத் திரும்பும். வலிப்பும் மனக்குழப்பமும்கூட வரலாம்.

அதோடு சிறுநீரகங்கள் எப்படி இருக்கின்றன, தோலில் எங்காவது புண் இருக்கிறதா, முதுகெலும்பில் கம்பி வைத்திருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுவார்கள். சாதாரண நாளில் அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் முக்கியம். இப்போது அற்பமாகத் தெரியும் அந்த எண் பிரசவத்தன்று உயிர் காக்கும். எப்படி என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அந்த ஒன்பது மாதங்கள்

கர்ப்பகாலத்தில் மிக அதிகமாகத் தொல்லை தருவது சிறுநீர்த் தொற்று. தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை தானாக முழுசாகக் காலியாவதில்லை. தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி வளரும். பலர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் குழாயைத் தாங்களே செருகிச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். கர்ப்பமானதும் இரண்டு மாற்றங்கள் வருகின்றன. கர்ப்பத்தின் ஹார்மோன்கள் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவதால் சிறுநீர் இன்னும் மெதுவாக ஓடும். வளரும் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அது சீக்கிரமே நிரம்பிவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டவர் இரண்டு மணிக்கு ஒருமுறை போட வேண்டி வரலாம். வயிறு பெரிதானபின் குனிந்து பார்க்கவே முடியாது. கண்ணாடி வைத்துக்கொள்ளலாம், வேறொருவர் உதவலாம், கடைசி மாதங்களில் நிரந்தரக் குழாய் வைக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

தொற்று வந்தால் மற்றவர்களுக்கு எரிச்சலும் அடிவயிற்று வலியும் எச்சரிக்கும். இவர்களுக்கு அது தெரியாது. சிறுநீர் கலங்கியிருப்பது, நாற்றம் மாறுவது, ஒருமுறை குழாய் போட்டதற்கும் அடுத்த முறைக்கும் நடுவே சிறுநீர் ஒழுகுவது, தசை இறுக்கம் திடீரென்று கூடுவது, குளிர் காய்ச்சல் ஆகியவைதான் அறிகுறிகள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைமாதத்திலேயே பிரசவ வலி தொடங்கிவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது தோல். கர்ப்பத்தில் உடல் எடை கூடும், எடை விழும் இடங்களும் மாறும். ஒன்பது வருடமாகப் புண்ணே வராத ஒருவருக்கு ஏழாவது மாதத்தில் படுக்கைப் புண் வரலாம். பழைய நாற்காலி இறுக்கமாகி இடுப்பின் பக்கவாட்டில் உரசும். மெத்தைத் திண்டு புது எடையைத் தாங்காமல் நசுங்கிவிடும். அதனால் நான்காவது ஐந்தாவது மாதத்திலேயே நாற்காலியின் அகலத்தையும் திண்டையும் மறுபடி அளந்து பார்ப்பது நல்லது. உட்கார்ந்திருக்கும்போது கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை எடையை மாற்றிப் போடுவதும், படுத்திருக்கும்போது திரும்பிப் படுப்பதும், தினமும் ஒருமுறை தோலைப் பார்ப்பதும் தவறக் கூடாது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது கடைசி மாதங்களில் நிஜமாகவே கடினம். முன்பு தனியாக மாறியவர் ஒருவரின் உதவி கேட்க வேண்டியிருக்கும். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விழுந்து எலும்பு முறிவதைவிடக் கை கொடுக்கச் சொல்வது எவ்வளவோ மேல்.

இவற்றோடு ரத்தசோகையும் மலச்சிக்கலும் பின்னிக்கொண்டு வரும். ரத்தம் குறைந்தால் தோல் எளிதில் புண்ணாகும், புண் ஆறாது. சரி, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாம் என்றால் அது மலத்தை இறுக்கும். குடல் ஏற்கெனவே மந்தமாக வேலை செய்பவருக்கு அது பெரிய தொல்லை. மாத்திரையைத் தொடங்கும் அன்றே மலம் கழிக்கும் நேரம், நீர், நார்ச்சத்து, மலமிளக்கி பற்றியும் பேசிவிட வேண்டும்.

கால் ரத்தக்குழாய்களில் ரத்தக்கட்டி வருவதையும் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும், அதோடு அசையாத கால்களும் சேர்ந்தால் அபாயம் கூடுகிறது. வலி தெரியாதவருக்கு ஒரு கால் மட்டும் இன்னொன்றைவிடப் பருமனாகவும் சூடாகவும் இருப்பதே தடயம். தினமும் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திடீர் மூச்சுத்திணறல் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் வகை ஊசி போடுவார்கள்.

கழுத்தில் அல்லது மேல் மார்பில் காயம் உள்ளவர்களுக்கு மூச்சும் ஒரு விஷயம். விலா எலும்புத் தசைகள் வேலை செய்யாததால் அவர்கள் பெரும்பாலும் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை நம்பியே மூச்சு விடுகிறார்கள். மேலெழும் கருப்பை அதை அடியிலிருந்து தள்ளும். நுரையீரல் கொள்ளளவை இடையிடையே அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

வலி வந்தது தெரியாமல் போனால்?

கருப்பை ஒரு தசைப்பை. அது சுருங்க மூளையின் உத்தரவு தேவையில்லை. ஆக்ஸிடோசின் போன்ற ஹார்மோன்களும் தசையின் சொந்தத் துடிப்பும் போதும். இதயம் நம் உத்தரவுக்குக் காத்திருக்காமல் துடிப்பதைப் போலத்தான். ஆகவே கழுத்திலேயே தண்டுவடம் முழுசாக அறுந்த பெண்ணுக்கும் நேரம் வந்ததும் கருப்பை சுருங்கி விரிந்து குழந்தையைக் கீழே இறக்கும். பிரச்சினை அவருக்கு அது நடப்பது தெரியாமல் போவதில் இருக்கிறது.

கருப்பை சுருங்கும் வலி டி10 முதல் எல்1 வரையிலான நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. குழந்தை கீழே வந்து பிறப்புவாயை விரிக்கும் வலி எஸ்2 முதல் எஸ்4 வரையிலான நரம்புகள் வழியாக வருகிறது. காயம் டி10க்கு மேலே முழுமையாக இருந்தால் இரண்டும் மூளையை எட்டாது. காயம் எல்1க்குக் கீழே இருந்தால் சுருக்க வலி தெரியும், கடைசிக்கட்ட வலி மட்டும் தெரியாது அல்லது மங்கலாகத் தெரியும். காயம் முழுமையில்லாமல் இருந்தால் இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

வலி இல்லையென்றால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் வலிதான் "கிளம்பு, நேரமாகிவிட்டது" என்று சொல்லும் மணி. அது அடிக்காவிட்டால் வீட்டிலேயே, வழியிலேயே, யாரும் அருகில் இல்லாதபோதே குழந்தை பிறந்துவிடலாம். குறைமாதப் பிரசவம் இவர்களுக்குச் சற்று அதிகமாகக் காணப்படுவதால் இந்தக் கவலை கடைசி வாரத்தோடு நிற்பதில்லை, ஏழாவது மாதத்திலிருந்தே தொடங்குகிறது.

அதனால் மூளைக்கு வராத செய்தியை வேறு வழிகளில் பிடிக்கப் பழக வேண்டும். எளிய வழி கை. ஏறக்குறைய 28ஆவது வாரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை கொஞ்ச நேரம் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள். தளர்ந்த கருப்பை கன்னத்தைத் தொடுவதுபோல மெத்தென்று இருக்கும். லேசாகச் சுருங்கும்போது மூக்கு நுனிபோல. நன்றாகச் சுருங்கும்போது நெற்றியைத் தொடுவதுபோலக் கெட்டியாக இருக்கும். இந்தக் கெட்டித்தன்மை சீரான இடைவெளியில் வந்து போனால் பிரசவம் தொடங்குகிறது என்று பொருள். கைகளிலும் உணர்வு இல்லாதவருக்குக் கணவரோ அம்மாவோ இதைச் செய்யலாம். குழந்தையின் அசைவையும் இப்படியே கையால் உணரலாம், கண்ணாலும் பார்க்கலாம். வயிறு ஒரு பக்கம் புடைத்து அடங்குவதைப் பார்த்தே தன் குழந்தை எப்போது விழித்திருக்கிறது என்று சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள்.

உடலும் வேறு குரலில் சொல்லும். கால்களில் தசை இறுக்கம் அலை அலையாகக் கூடுவது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, மூச்சு முட்டுவதுபோன்ற உணர்வு, முகம் சிவந்து வியர்ப்பது, இனம்புரியாத பதற்றம், நாற்காலித் திண்டு நனைந்திருப்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். திண்டு ஈரமாக இருந்தால் சிறுநீர் ஒழுகியதாகவே நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், பனிக்குடம் உடைந்திருக்கலாம். சில மருத்துவர்கள் கடைசி மாதங்களில் வாரம் ஒருமுறை கருப்பை வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலரை நாள் நெருங்கும்போது முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். தூரத்தில் இருப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். இதன் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். காயம் டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு வருவது. சிலருக்கு அதற்குச் சற்றுக் கீழே காயம் இருந்தாலும் வந்திருக்கிறது.

நடப்பது இதுதான். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடலை உறுத்துகிறது. நிரம்பிய சிறுநீர்ப்பையாக இருக்கலாம், இறுகிய மலமாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், கருப்பைச் சுருக்கமாகவும் இருக்கலாம். அந்தச் செய்தி மேலே மூளைக்குப் போக முடியாமல் தண்டுவடத்திலேயே சுற்றி, கீழ் உடலின் ரத்தக்குழாய்களை எல்லாம் இறுக்கிவிடுகிறது. ரத்த அழுத்தம் சரசரவென்று ஏறுகிறது. மூளை அதைக் கண்டுபிடித்து "தளர்த்து" என்று உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவு காயத்தைத் தாண்டிக் கீழே போக முடியவில்லை. இதயத்தை மட்டும் மெதுவாகத் துடிக்கச் செய்ய முடிகிறது, அது போதவில்லை. உறுத்தல் இருக்கும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மிக அதிகமானால் வலிப்பு வரும், மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும், உயிரே போகலாம்.

சிறுநீர்ப்பை நிரம்பும்போது இவர்களுடைய ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுவதை குட்மன், விட்டரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1947இலேயே விரிவாக எழுதிவைத்தார்கள். குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவை நடத்தியவர். இத்தனை வருடங்கள் ஆகியும், தண்டுவட நோயாளிகளை அடிக்கடி பார்க்காத பிரசவ அறைகளில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருப்பது வருத்தம்தான்.

அறிகுறிகளைப் பாருங்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலி. காயத்துக்கு மேலே முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும், கீழே தோல் வெளுத்துச் சில்லிட்டு மயிர்க்கூச்செறியும். மூக்கு அடைக்கும். நாடி பெரும்பாலும் மெதுவாகும். ரத்த அழுத்தத்தைப் பார்த்தால்தான் குழப்பமே வரும். மேல் மட்டக் காயம் உள்ள பெண்ணின் சாதாரண அழுத்தமே 90/60 போலக் குறைவாக இருக்கும். அவருக்கு 130/85 என்று காட்டினால், பார்ப்பவர் "நார்மல்தானே" என்று நகர்ந்துவிடுவார். ஆனால் அவருடைய சொந்த அளவைவிட அது 40 கூடுதல். மேல் எண் வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே ஏ.டி.யைச் சந்தேகிக்க வேண்டும். முன்பே எழுதி வைக்கச் சொன்ன அந்த எண் இதற்காகத்தான்.

வந்தால் முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இறுக்கமான உடை, வயிற்றுப் பட்டை, கால் உறை எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். கதீட்டர் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுத்தும் காரணத்தை நீக்கினால் அழுத்தம் தானாக இறங்கும். இறங்காவிட்டால் மருந்து. கர்ப்பிணிக்கு இது நேர்ந்தால் வீட்டிலேயே சமாளித்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரசவத்தில் ஒரு சிக்கல் கூடுதலாகச் சேர்கிறது. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய முன்சூல்வலிப்பு என்ற நோயிலும் ரத்த அழுத்தம் ஏறும், தலைவலி வரும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஏ.டி.யில் அழுத்தம் கருப்பை சுருங்கும்போது எகிறி, தளரும்போது இறங்கும். முன்சூல்வலிப்பில் அது ஒரேயடியாக உயர்ந்தே நிற்கும், பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

பிரசவத்தின்போது ஏ.டி.யைத் தடுக்கச் சிறந்த வழி எபிடூரல், அதாவது முதுகில் மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்கும் மரப்பு மருந்து. "எனக்குத்தான் வலியே தெரியாதே, எதற்கு அந்த ஊசி?" என்று எந்தப் பெண்ணும் கேட்பார். சில மருத்துவர்களே அப்படி நினைத்துப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். இவருக்கு அது வலியைப் போக்குவதற்காகப் போடப்படுவதில்லை. கருப்பையிலிருந்து தண்டுவடத்துக்குள் நுழையும் உறுத்தல் செய்தியை வாசலிலேயே நிறுத்துவதற்காகப் போடப்படுகிறது. அதனால் பிரசவம் தொடங்கிய உடனேயே போட்டுவிடுவது நல்லது. பிரசவம் முடிந்தபின்னும் ஏ.டி. வரலாம் என்பதால் குழாயை உடனே எடுக்காமல் ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பதும் உண்டு.

முதுகில் கம்பி உள்ளவருக்கு எபிடூரல் போடுவது சற்றுச் சிரமம். ஆகவே மயக்க மருந்து மருத்துவரை ஏழாவது மாதத்துக்குள் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது சாதாரணமாகப் பயன்படும் சக்சினைல்கோலின் தண்டுவடக் காயம் உள்ளவர்களின் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடியது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. இவற்றை நாம் முடிவு செய்யப் போவதில்லை. ஆனால் காயத்தின் மட்டம், சாதாரண ரத்த அழுத்தம், ஏ.டி. வரும் என்ற தகவல், எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோனால், நடு இரவில் புதிதாக வரும் மருத்துவருக்கும் யோசிக்கத் தோன்றும்.

சுகப்பிரசவமா, சிசேரியனா?

முடக்கம் இருக்கிறது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பலருக்குச் சுகப்பிரசவமே நடக்கிறது. கருப்பை தன் வேலையைச் செய்யும். கடைசியில் முக்கித் தள்ள வயிற்றுத் தசை இல்லாவிட்டால் வெற்றிட உறிஞ்சியோ ஆயுதமோ வைத்து உதவுவார்கள். குழந்தையின் நிலை, இடுப்பு எலும்பின் அளவு, கட்டுக்கு அடங்காத ஏ.டி. போன்ற காரணங்கள் இருந்தால் சிசேரியன். பயத்தினால் மட்டும் "எதற்கு வம்பு, அறுத்து எடுத்துவிடலாம்" என்பதை நான் ஏற்கமாட்டேன். அறுவைசிகிச்சைக்குப் பின் புண் ஆறும்வரை கைகளை ஊன்றி நாற்காலிக்கு மாறுவதே கடினமாகிவிடும், கைதான் அவருக்குக் கால்.

பிரசவ மேஜையில் மணிக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தால் புண் வந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டே பிரசவம் பார்க்கலாம், அது தசை இறுக்கத்துக்கும் நல்லது. கால்களை உயர்த்தி மாட்டினால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இறக்கித் தோலைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்ப விடக் கூடாது. பிறகு தையல் போட்ட இடத்தில் வீக்கமோ சீழோ வந்தால் அவருக்குத் தெரியாது, ஆகவே தினமும் யாராவது கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லா முடக்கமும் ஒன்றில்லை

போலியோவில் தசையை இயக்கும் நரம்பு செல்கள் மட்டும் சேதமடைகின்றன, உணர்வு அப்படியே இருக்கும். அவர்களுக்குப் பிரசவ வலி முழுசாகத் தெரியும். முதுகு வளைவும் இடுப்பு எலும்பின் கோணலும்தான் அங்கே பார்க்க வேண்டியவை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நோய் பெரும்பாலும் அடங்கியிருந்து, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் தலைதூக்கக்கூடும். அந்த நாட்களுக்கு உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்வது புத்திசாலித்தனம். பிறவியிலேயே தண்டுவடம் மூடாமல் பிறந்த ஸ்பைனா பிஃபிடா பெண்களுக்குக் குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் கருத்தரிக்கும் முன்பே வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிக அளவில் ஃபோலிக் அமிலம் தருவார்கள். இவர்களில் பலருக்கு ரப்பர் கையுறை ஒவ்வாமை இருக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குழந்தை வந்த பிறகு

பால் சுரக்கும். சுரப்பது ஹார்மோனின் வேலை. ஆனால் சுரந்த பால் இறங்கி வர, குழந்தை சப்பும் உணர்வு மூளைக்குப் போக வேண்டும். மார்புக்காம்பின் உணர்வு டி4 மட்டத்தில் இருப்பதால், காயம் அதற்கு மேலே இருந்தால் அந்தச் செய்தி போகாமல் சில வாரங்களில் பால் குறையலாம். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதும், அழுகையைக் கேட்பதும், அதை நினைத்துக்கொள்வதும்கூடப் பாலை இறக்கும், ஏனென்றால் அவை தண்டுவடம் வழியாகப் போவதில்லை. போதாவிட்டால் புட்டிப்பால் சேர்த்துக் கொடுப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். மார்பு கட்டிக்கொண்டாலோ காம்பு வெடித்தாலோ அதுவும் ஏ.டி.யைத் தூண்டும், பால் கொடுக்கும்போது தலை வலித்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

மனச்சோர்வையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் எந்தத் தாய்க்கும் வரக்கூடியது அது. "நான் சரியான அம்மாதானா" என்று ஊரே கேட்கும் ஒருவருக்கு இன்னும் எளிதாக வரும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேசலாம்.

குழந்தை வளர்ப்பில் பாதி, சாமான்களின் உயரத்தில் இருக்கிறது. கட்டில் நாற்காலி மட்டத்துக்கு இருந்து, அதன் பக்கவாட்டுக் கதவு மேலே தூக்குவதாக இல்லாமல் பக்கவாட்டில் திறப்பதாக இருந்தால் அம்மா தனியாகவே குழந்தையை எடுத்துவிடலாம். உடை மாற்றும் மேஜைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் வேண்டும். மடியில் குழந்தையைப் பட்டையால் கட்டிக்கொண்டால் இரண்டு கைகளும் சக்கரத்தைத் தள்ள மிஞ்சும். மடியில் உணர்வில்லாதவர் சூடான பால் புட்டியை அங்கே வைக்கக் கூடாது, தோல் வெந்தாலும் தெரியாது.

உடலியக்கக் குறைபாடு உள்ள தாய்மாரின் குழந்தைகளைக் கவனித்தவர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள். அம்மா தூக்கும்போது அவை சில மாதங்களிலேயே உடலைக் குறுக்கி, அசையாமல், பிடித்துக்கொண்டு ஒத்துழைக்கப் பழகிவிடுகின்றன. அதே குழந்தை வேறொருவர் தூக்கும்போது வழக்கம்போலக் கை காலை உதறும்.